ஐயுறும் பருவமும் அறத்தின் வேரும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெருவிலே ஒருவர் காலையில் நடக்கத் தொடங்குவாராயின், முத்துமாரியம்மன் கோயிலையும் பள்ளிவாசலையும் கிறித்தவ தேவாலயத்தையும் கண்டு, ஒரு மணி நேரத்துக்குள் அலுவிகாரையின் பாறைகளை அடைந்துவிடலாம். மேலும் வடக்கே சென்றால் நாளந்தாவில் ஒரு கற்றளி இருக்கிறது. பல்லவர் பாணியிற் கட்டப்பட்ட அக்கட்டடத்தைச் சைவர் கோயில் என்பாரும் உளர், பௌத்தர் ஆலயம் என்பாரும் உளர். இரு சமயத்தாரின் கையும் அதில் உண்டு என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இவ்வாறு பல சமயங்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் மாவட்டத்திலே வளரும் ஒரு பிள்ளை, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் ஒரு நாள் தாயிடம் வந்து, “பக்கத்து வீட்டுக்காரர் கும்பிடுகிற சாமி பொய்யென்றால், நம்முடைய சாமி மட்டும் எப்படி அம்மா மெய்யாகும்?” என்று கேட்பது வியப்பன்று. கேட்காதிருப்பதுதான் வியப்பு.

இக்கேள்விக்குத் தாய்மார் ஏதேனும் ஒரு விடை சொல்லிவிடுகின்றனர். சிலர் அடித்துவிடுகின்றனர். ஆனால் இதன் பின்னே மற்றொரு கேள்வி வருகிறது. “கடவுள் இல்லையென்றால் நான் ஏன் பொய் சொல்லக் கூடாது? ஏன் களவெடுக்கக் கூடாது?” முதற் கேள்வி பெற்றோரை வருத்துகிறது; இரண்டாவது அவர்களை அஞ்சச் செய்கிறது. நம்பிக்கை போனால் ஒழுக்கமும் கூடப் போய்விடும் என்ற அச்சம் நம்மவரிடையே மிக ஆழமானது. அவ்வச்சம் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை ஆராய்வதே இப்பேச்சின் நோக்கம்.

ஆராய்ச்சியை அலுவிகாரையிலிருந்தே தொடங்கலாம். அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம், கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் அரசன் காலத்தில் ஏட்டில் எழுதப்பட்டது. பஞ்சமும் போரும் நாட்டை வாட்டிய காலம் அது. ஓதும் துறவியர் இறந்தால் ஓத்தும் அவரோடு இறந்துவிடும் என்ற கவலை எழுந்தது. மகாவமிசம் இச்செய்தியைக் கூறினும் இடத்தின் பெயரைக் கூறவில்லை. அவ்விடம் மாத்தளை அலுவிகாரையே என்பது பிற்கால நூல் வழி வந்த மரபு. மரபை ஏற்றுக்கொண்டால், அங்கே எழுதப்பட்ட ஏடுகளுக்குள் ஐயத்தைப் பற்றிய புகழ்மிக்க ஓர் உரையும் இருந்திருக்க வேண்டும். அங்குத்தர நிகாயத்தில் உள்ள அவ்வுரையைக் காலாம சூத்திரம் என வழங்குவர்.

கோசல நாட்டுக் கேசபுத்தம் என்னும் ஊரார் காலாமர். அவர்கள் ஊருக்குத் துறவியர் பலர் வந்தனர். ஒவ்வொருவரும் தம் கொள்கையை உயர்த்திப் பிறர் கொள்கையை இகழ்ந்தனர். எவர் சொல்வது மெய், எவர் சொல்வது பொய் என்று அறியாது காலாமர் திகைத்தனர். நாம் மேலே கண்ட பிள்ளையின் திகைப்பும் இதுவே. புத்தர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஐயுறத்தக்கதை ஐயுற்றீர்கள், அது தகும் என்றார். மரபு சொல்கிறது, நூல் சொல்கிறது, ஆசான் சொல்கிறான் என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்க வேண்டாம் என்றும் கூறினார்.

அவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, “நினைத்தபடி நட என்று புத்தரே சொல்லிவிட்டார்” என்பாரை நாம் இக்காலத்தில் நிறையக் காண்கிறோம். அவர்கள் சூத்திரத்தைப் பாதியிலே மூடிவைத்தவர்கள். புத்தர் அடுத்தபடியாக, பேராசை ஒருவனுக்கு நன்மை தருமா தீமை தருமா, பகைமை நன்மை தருமா தீமை தருமா என்று காலாமரையே கேட்கிறார். அவர்கள் தம் வாழ்விலிருந்தே விடை கூறுகிறார்கள். இறுதியில் நான்கு ஆறுதல்கள் பேசப்படுகின்றன. மறுமை உண்டாயின், பகையற்ற நெஞ்சினன் அங்கே நற்கதி அடைவான். மறுமை இல்லையாயின், இம்மையிலேயே அவன் துன்பமின்றி வாழ்வான். தீமை செய்தானைத் தீமை சேருமாயின், தீமை நினையாதவனை அது எவ்வாறு சேரும்? சேராதாயின், இரு வழியாலும் அவன் தூயன். இதனைக் கூர்ந்து நோக்குங்கள். மறுமை உண்டா இல்லையா என்ற வழக்குத் தீரும்வரை ஒழுக்கம் காத்திருக்க வேண்டியதில்லை என்பது இதன் உட்கிடை. மாத்தளைப் பாறைகளின் நிழலில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்தில் ஏறிய கருத்து இது.

இனி, ஐயம் எவ்வாறு பிறக்கிறது என்று காண்போம். அறிவியற் பாடம் படித்ததால் பிள்ளை கெட்டுப்போயிற்று என்று சொல்வது எளிது. உயிர்களின் தோற்றத்தையும் நிலத்தின் வயதையும் படிக்கும் மாணவன் புராணக் கதைகளை வேறு கண்ணோடு பார்ப்பான் என்பது உண்மையே. ஆயினும் பெரும்பாலான பிள்ளைகளின் நம்பிக்கையை அசைப்பது பாடநூல் அன்று; துன்பமும் பெரியோரின் நடத்தையுமே ஆகும்.

மலையக மக்களின் கதையை எண்ணிப் பாருங்கள். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வரத் தொடங்கிய தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே பல நாள் நடந்து மாத்தளைக்கு வந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியிலே இறந்தோர் பலர். எஞ்சியோர் தம்மோடு கொண்டுவந்த செல்வம் மாரியம்மன் ஒருத்தியே. அவளுக்கு அவர்கள் எழுப்பிய வழிபாடே இன்று மாத்தளையில் மாசி மாதத்தில் ஐந்து தேர்கள் வீதியுலா வரும் பெருங்கோயிலாக வளர்ந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டில், மலையகத் தமிழரின் வருகைக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்வோர் தலைமன்னாரிலிருந்து அவ்வழியே நடந்துவந்து மாத்தளையில் தம் பயணத்தை முடித்தனர்.

அந்தக் கோயில் 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்போது தீக்கிரையாயிற்று. அன்று பத்துப் பன்னிரண்டு வயதாயிருந்த ஒரு பிள்ளையின் உள்ளத்தில், தன் கோயிலையே காக்காத தாய் நம்மை எப்படிக் காப்பாள் என்ற கேள்வி எழுந்திருக்குமாயின், அதற்கு எந்தப் பாடநூலைக் குறை கூறுவது? அதே நெருப்பைக் கண்ட மற்றொரு பிள்ளை, நம்மோடு அவளும் எரிந்தாள் என்று எண்ணி முன்னிலும் இறுகப் பற்றியிருக்கவும் கூடும். ஒரே துன்பம் ஒருவரைக் கோயிலுக்கு உள்ளேயும் ஒருவரை வெளியேயும் தள்ளுகிறது. யார் எப்பக்கம் செல்வார் என்று முன்கூட்டியே சொல்லும் அறிவு எவரிடமும் இல்லை.

பெரியோர் நடத்தையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. சம்பளக் கணக்கில் ஏழையை ஏய்த்த ஒருவருக்குத் திருவிழாவில் முதல் மரியாதை வழங்கப்படுவதையும், சாதி சொல்லி ஒருவர் வாசலிலே நிறுத்தப்படுவதையும் பிள்ளைகளின் கண்கள் தவறவிடுவதில்லை. இத்தகைய பிள்ளைக்கு நம்பிக்கை போனது ஒழுக்கம் இல்லாமையால் அன்று. ஒழுக்க உணர்வு மிகுந்திருந்தமையால் என்றே நான் கூறுவேன். பெரியார் ஈ. வெ. இராமசாமி 1932ஆம் ஆண்டில் ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் கொழும்பில் தங்கிப் பேசியபோதும், பின்னர்த் திராவிட இயக்கக் கருத்துக்கள் மலையகத்தில் பரவியபோதும், அவற்றுக்குச் செவிசாய்த்த இளைஞர் பலரை ஈர்த்தது கடவுள் மறுப்பு என்பதைக் காட்டிலும் இழிவு நீக்கம் என்பதே பொருந்தும்.

ஐயுற்றவர் என்ன ஆனார் என்பதற்கு இரண்டு வரலாறுகளைக் காட்டலாம். இரண்டும் நம் நாட்டோடு தொடர்புடையவை.

1897 சனவரியில், காவியுடை தரித்த இளந்துறவி ஒருவர் கண்டியிலிருந்து மாத்தளைக்கு வந்து ஓரிரவு தங்கினார். அடுத்த நாள் குதிரை வண்டியில் அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டார். தம்புள்ளைக்கு அப்பால் சில மைல் தொலைவில், இறக்கத்திலே வண்டியின் முன்சக்கரம் ஒன்று உடைந்து போகவே, மூன்று மணி நேரம் தெருவோரத்தில் காத்திருந்தார். சுவாமி விவேகானந்தர் அவர். சிக்காகோவில் புகழ்பெற்று மீண்ட அத்துறவியைக் காண ஊர்தோறும் மக்கள் திரண்டனர்.

ஆனால் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் யார்? கல்கத்தாவில் நரேந்திரன் என்னும் பட்டதாரி இளைஞர். மில், ஹியூம், இசுபென்சர் ஆகியோரின் நூல்களைப் படித்தவர். கடவுளைக் கண்டதுண்டா என்று பெரியோரிடம் நேருக்கு நேர் கேட்டுத் திரிந்தவர். 1884இல் தந்தையார் திடீரென மறைந்தார். வழக்கறிஞரான அவர் விட்டுச்சென்றது கடனே. நரேந்திரன் வெறுங்காலோடு வெயிலில் வேலை தேடி அலைந்தார். வீட்டில் உணவு போதாதென்று கண்டு, வெளியே விருந்துண்டதாகக் கூறிப் பட்டினி கிடந்தார். ஒரு நாட்காலை அவர் இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டு எழுந்தபோது, சிறு வயது முதல் அழைக்கிறாயே, அவன் உனக்கு என்ன செய்துவிட்டான் என்று தாயாரே சினந்து கேட்டாராம். மகனின் நம்பிக்கையை அசைத்தது இசுபென்சரின் நூலைவிடத் தாயின் அச்சொல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தம் மனத்திலுள்ளதை மறைக்கும் பழக்கம் நரேந்திரனுக்கு இல்லை. கடவுள் இல்லை, இருந்தாலும் அழைத்துப் பயனில்லை என்று வெளிப்படையாகப் பேசினார். உடனே ஊர் என்ன செய்தது? நாத்திகனாகிவிட்டான் என்பதோடு நிற்கவில்லை. குடிகாரரோடு சேர்ந்துவிட்டான், கெட்ட இடங்களுக்குப் போகிறான் என்றும் கதை கட்டியது. நண்பர் சிலரும் நம்பினர். நம்பிக்கை இழந்தவன் ஒழுக்கம் இழந்தவனாகத்தான் இருப்பான் என்ற முடிவு அவர்களிடம் முன்கூட்டியே ஆயத்தமாக இருந்தது. இராமகிருட்டிணர் மட்டும் அக்கதைகளை நம்ப மறுத்தார். நரேந்திரன் பின்னர் நம்பிக்கைக்குத் திரும்பினார். ஐயுற்ற காலத்திலும் அவர் தம் தாயையும் தம்பியரையும் கைவிடாது உழைத்தார் என்பதே நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டியது.

இரண்டாமவர் திரும்பவில்லை. ஆபிரகாம் கோவூர் 1898ஆம் ஆண்டு கேரளத்துத் திருவல்லாவில், மார்த்தோமா சபையின் உயர்நிலைக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கல்கத்தாவில் தாவரவியல் பயின்றபின் 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே அவரிடம் கிறித்தவ வேதபாடம் கற்பிக்கும் பொறுப்பும் ஒருமுறை கொடுக்கப்பட்டதாம். மாணவர் பரீட்சையிற் சிறப்பாகத் தேறினர். அடுத்த ஆண்டு அப்பாடம் அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. தேர்ச்சி நன்றே, ஆயின் பிள்ளைகள் நம்பிக்கையை இழந்துவிட்டனர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 1959இல் ஓய்வு பெற்றபின் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராயிருந்து, பேய், சூனியம், சாமியாடல் என்பவற்றை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தார். மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புத ஆற்றலைக் காட்டுவோருக்கு ஒரு இலட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். அப்பணத்தை எவரும் பெறவில்லை.

அவரைப் பற்றிய ஒரு சிறு செய்தி நம் ஆராய்ச்சிக்கு உதவும். கல்கத்தாவிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, கங்கை நீர் கேட்டிருந்தவர்களுக்கு, வழியில் ஒரு புகையிரத நிலையத்தில் நிரப்பிய நீரைக் கொடுத்தாராம். அந்நீரால் நோய் தீர்ந்தது என்று அவர்கள் புகழ்ந்தார்களாம். இதனை அவரே பிற்காலத்தில் மகிழ்ச்சியோடு சொல்வதுண்டு. கதை சுவையானது, மூட நம்பிக்கையின் இயல்பை நன்கு காட்டுவது. ஆயினும் நம்பிக் கேட்டவரை ஏமாற்றியது சரியா என்று ஒரு மாணவன் கேட்டால், அக்கேள்வியை நாம் மதிக்க வேண்டும். நம்பாதவனுக்கும் வாய்மை பற்றிய வழக்கு உண்டு. அவ்வழக்கை அவன் எந்தத் தெய்வத்தின் முன்னும் வைக்க முடியாது. தன் முன்னேதான் வைக்க வேண்டும்.

ஒழுக்கம் பிள்ளைகளிடம் எவ்வாறு வேரூன்றுகிறது என்பதைச் சுவிற்சர்லாந்து அறிஞர் பியாசே 1932இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். அவர் சென்று அமர்ந்தது சிறுவர் கோலிக்குண்டு விளையாடும் தெருக்களில். விளையாட்டின் விதிகளை யார் வகுத்தார் என்று கேட்டார். சிறு குழந்தைகள், அப்பா வகுத்தார், கடவுள் வகுத்தார், அவற்றை மாற்றுதல் பாவம் என்றனர். பத்துப் பதினோரு வயதினர், எல்லோரும் உடன்பட்டால் மாற்றலாம் என்றனர். நம் ஊர்ப் பிள்ளைகள் கிளித்தட்டு ஆடும்போது பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. ஆள் குறைந்தால் கோட்டைக் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் உடன்பட்டபின் எவனாவது தப்பாட்டம் ஆடினால் விடமாட்டார்கள். விதி மேலிருந்து வந்ததன்று என்று அறிந்தபின் அவர்கள் விதியை எறிந்துவிடவில்லை. முன்னிலும் கவனமாகக் காக்கின்றனர், அது தங்களுடையது என்பதால்.

பிள்ளை மதத்தையும் ஒழுக்கத்தையும் கேள்விக்குட்படுத்தும் பருவமும் இதை அடுத்தே வருகிறது. இங்கேதான் பெற்றோரின் அச்சத்துக்கு ஓரளவு நியாயம் உண்டு. சாமி கண்ணைக் குத்தும் என்ற ஒன்றை மட்டுமே சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, சாமி குத்தாது என்று தெரிந்த அன்று வேறு பிடி எதுவும் இல்லை. அது நம்பிக்கை இழந்ததன் விளைவு அன்று. அறத்தை அச்சத்தின்மேல் மட்டும் கட்டியதன் விளைவு. கிரேக்கத்துச் சோக்கிரதர், தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் நல்லதா, நல்லது என்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா என்று கேட்டதாகப் பிளேட்டோ எழுதியுள்ளார். நம் திருவள்ளுவர் நூலைக் கடவுள் வாழ்த்தோடு தொடங்குகிறார். ஆயினும் வாய்மை, கள்ளாமை, இன்னாசெய்யாமை முதலிய அதிகாரங்களில் அவர் பெரிதும் எடுத்துக்காட்டுவது அச்செயலால் நெஞ்சுக்கும் பிறருக்கும் நேர்வதையே. நம்புவோரும் நம்பாதோரும் அந்நூலைத் தமதென்று உரிமை கொண்டாடுவது இதனாற்போலும்.

ஐயத்துக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. ஒரு நம்பிக்கையை விட்ட வெறுமையைத் தாங்கமாட்டாது, மற்றொன்றுக்குத் தன்னை முழுமையாக ஒப்படைத்துவிடும் இளைஞர் உளர். 1971லும், பின்னர் 1987 முதல் 1989 வரையிலும் இந்நாட்டின் தென்பகுதி இளைஞர் ஆயுதமேந்தியதும் அடக்கப்பட்டதும் நாம் அறிந்தவை. மாத்தளை மாவட்டமும் அந்நாட்களிற் பிள்ளைகளைப் பறிகொடுத்தது. அவர்களை அங்கே இட்டுச்சென்ற காரணங்கள் வறுமையும் வேலையின்மையுமாகப் பல. ஆனால் கட்டளையிடுவோரிடம் கேள்வி கேட்கக் கூடாது என்ற பழக்கம் கோயிலில் கற்றதாயினும் கட்சியில் கற்றதாயினும் ஒன்றே. கேட்டுப் பழகிய பிள்ளை, கொலை செய் என்று கட்டளை வரும்போதும் ஒரு கணம் நின்று கேட்கும்.

பாடசாலையின் நிலை சற்று இக்கட்டானது. நம் நாட்டில் க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாயப் பாடம். நம்பிக்கை தளர்ந்த மாணவனும் சைவநெறி எழுதித்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் நன்றாகவே எழுதுகிறான். நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையோ, சிந்தனை, மனச்சாட்சி, மதம் ஆகியவற்றின் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. சிறுவர் உரிமைகள் பற்றிய 1989ஆம் ஆண்டுச் சமவாயமும் பிள்ளையின் சிந்தனைச் சுதந்திரத்தை மதிப்பதோடு, வழிகாட்டும் உரிமையைப் பெற்றோருக்கும் வைத்திருக்கிறது. சட்டம் இவ்வளவு சொல்லும். வகுப்பிலே, ஐயா, எனக்கு நம்பிக்கை இல்லை என்று எழுந்து நிற்கும் மாணவனை அமரச் செய்து உரையாடுவதா, வெளியே நிறுத்துவதா என்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது.

வீட்டிலே இச்சிக்கல் பெரும்பாலும் ஒரு மரணத்தின்போதுதான் முற்றுகிறது. தந்தை இறந்துவிடுகிறார், கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் நம்பாதவன். உறவினர் கூடியிருக்கின்றனர், தாய் அழுகிறாள். தன் கொள்கைக்காக மறுப்பதா, தாய்க்காக நம்பாத மந்திரத்தைச் சொல்வதா? மறுப்பது நேர்மை என்றும், செய்வது நடிப்பு என்றும் இளைஞர் சிலர் எளிதாகத் தீர்ப்பளிப்பர். அவ்வளவு எளிதன்று. சடங்கு இறந்தவருக்குப் பயன்படும் என்று அவன் நம்பாதிருக்கலாம். ஆனால் கருமாதி நாளன்று தாயின் அருகே அமர்ந்திருப்பது உயிரோடிருக்கும் ஒருவருக்குச் செய்வது. மந்திரம் சொல்ல மனம் ஒவ்வாதாயின், அதனைத் தம்பியிடம் விட்டு, விறகுக்கும் பந்தலுக்கும் வந்தவருக்குச் சோற்றுக்கும் பொறுப்பேற்றவர்களும் உண்டு. தாய் அதனை ஏற்றுக்கொண்டதும் உண்டு, ஏற்காததும் உண்டு.

கோவூர் தம் வரையில் அவ்வழக்கை உயிரோடு இருக்கும்போதே தீர்த்துவைத்தார். 1978 செப்தெம்பரில் அவர் மறைந்தபோது, முன்னரே எழுதிவைத்திருந்தபடி கண்கள் பார்வையற்றோருக்கும் உடல் மருத்துவ மாணவரின் படிப்புக்கும் சென்றன. எலும்புக்கூட்டைத் தாம் இறுதியாகக் கற்பித்த கொழும்புத் தேர்ஸ்டன் கல்லூரியின் அறிவியற்கூடத்துக்கு எழுதிவைத்திருந்தார்.